யானாச்செக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய இசையில் உனக்குப் பிடித்தவர் யார் என்று யாராவது கேட்டு, நான் செக் இசையமைப்பாளர் யானாச்செக் என்று சொன்னால், உடனே வருவது "யாரு?" என்ற கேள்விதான். அதற்குப் பிறகு வரும் கேள்விகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பேச்சு மெட்டு பற்றிய பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான்.

பெயரை எப்படிச் சொல்வது?

லெயோஷ் யானாச்செக். ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'ஜே'யில் தொடங்கும், ஆனால் செக் மொழியில் அந்த எழுத்துக்கு 'ய' ஒலி. அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

செக் இசை என்றால் ஸ்மெட்டனா, ட்வோர்ஷாக் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் எங்கிருந்து வந்தார்?

அவர்கள் இருவரும் பொஹீமியாக்காரர்கள், அதாவது பிராக் நகரைச் சுற்றிய மேற்குப் பகுதி. யானாச்செக் கிழக்கே இருக்கும் மொராவியாவைச் சேர்ந்தவர். 1854 ஜூலை 3 அன்று ஹுக்வால்டி என்ற கிராமத்தில் பிறந்தார், அன்றைக்கு அது ஆஸ்திரியப் பேரரசு. அப்பா பள்ளி ஆசிரியர், பிள்ளைகள் அதிகம், பணம் குறைவு. தன் வாழ்நாளின் பெரும்பகுதியை பிர்னோ நகரத்தில் கழித்தார். பிராக் இசை உலகம் இவரை ரொம்ப நாள் ஒரு வெளியூர் வாத்தியாராகத்தான் பார்த்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 60 வயதில் இவர் இறந்திருந்தால் இன்று இவரைப் பற்றி எழுத யாரும் இருந்திருக்க மாட்டார்கள், பிர்னோவில் கண்டிப்பான ஒரு இசைப்பள்ளித் தலைமையாசிரியர் இருந்தார் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். இன்று உலகம் முழுக்க மேடையேறும் நான்கு ஓபராக்கள் (பாடியே நடிக்கும் இசை நாடகங்கள்), இரண்டு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகள் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசை), பெரிய வாத்தியக் குழுவுக்கான சின்ஃபோனியெட்டா, கிளாகொலிதிக் மாஸ் என்ற பூசை இசை எல்லாம் 65 வயதைத் தாண்டிய பிறகு எழுதியவை. ஓய்வூதியம் வாங்கும் வயதில்தான் மனிதருக்கு வேகம் பிடித்தது.

சிறுவயதில் மடத்தில் வளர்ந்தார் என்கிறார்களே?

ஆமாம். 1865இல், 11 வயதில், பழைய பிர்னோவில் இருந்த அகஸ்தீனியத் துறவியர் மடத்துக்குப் பாட்டுக்காரப் பையனாக அனுப்பினார்கள். அங்கே பாடகர் குழுவை நடத்தியவர் பாவெல் க்ரீஷ்கொவ்ஸ்கி, அவரே ஒரு இசையமைப்பாளர். பையன்கள் நீலச் சீருடை போட்டிருந்ததால் ஊரில் அவர்களுக்கு நீலக்குருவிகள் என்று பெயர். அடுத்த வருடமே அப்பா இறந்துவிட்டார்.

அதே மடத்தில் அப்போது தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்துக்கொண்டிருந்த ஒரு துறவியும் இருந்தார். கிரிகோர் மெண்டல்தான்! பட்டாணி ஆராய்ச்சியை அவர் பிர்னோவில் வாசித்ததும் அந்த 1865ஆம் ஆண்டில்தான். பிறகு மெண்டல் மடத்தின் தலைவரானார். 1884இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்கில் இசையை நடத்தியவர் யானாச்செக். மரபியலின் தந்தையும் இவரும் ஒரே வளாகத்தில் நடமாடியவர்கள் என்பது எனக்கு இன்னும் சரியாக மனதில் உட்காரவில்லை.

மேசையில் பியானோ வரைந்து பழகினார் என்பது கதையா, உண்மையா?

உண்மைதான். 1874இல் பிராக் ஆர்கன் பள்ளியில் (ஆர்கன் என்பது தேவாலயங்களில் வாசிக்கும் பெரிய வாத்தியம்) படிக்கப் போனார். வாடகைக்குப் பியானோ எடுக்கக் காசில்லை, மேசைமேல் கட்டைகளை வரைந்து அதில் விரலை ஓட்டினார். பிறகு லைப்சிக், வியன்னா என்று போய்ப் படித்தார், இரண்டு இடத்திலும் ஆசிரியர்களோடு ஒத்துப்போகவில்லை. 1881இல் பிர்னோவில் தானே ஒரு ஆர்கன் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அதை 1919 வரை நடத்தினார், பின்னால் அதுதான் பிர்னோ இசைக் கல்லூரியானது.

பேச்சு மெட்டு, பேச்சு மெட்டு என்கிறீர்களே, அது என்ன?

இதுதான் விஷயமே. 1880களின் கடைசியிலிருந்து இவர் ஃப்ரான்டிஷெக் பார்டொஷ் என்ற அறிஞரோடு சேர்ந்து மொராவிய கிராமங்களில் நாட்டுப்பாடல் சேகரித்தார், இருவரும் சேர்ந்து 2000க்கும் மேற்பட்ட பாடல்களை அச்சில் கொண்டுவந்தார்கள். அப்படி ஊர் ஊராக அலைந்தபோது ஒன்று பிடிபட்டது. பாட்டின் மெட்டு வானத்திலிருந்து வரவில்லை, அந்த ஊர்க்காரர்கள் பேசும் விதத்திலிருந்தே வருகிறது. வட்டார வழக்கு மாறினால் மெட்டும் மாறுகிறது.

அப்புறம் இவர் பாட்டை விட்டுப் பேச்சையே சேகரிக்க ஆரம்பித்தார். 1897 வாக்கில் தொடங்கிய பழக்கம், சாகும்வரை விடவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. சந்தையில் பேரம் பேசுகிற அம்மா, ரயில் நிலையத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், திட்டுகிறவர், தெருவில் ஓடும் பிள்ளைகள், யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொற்களை மேற்கத்திய இசை எழுதும் ஐந்து கோட்டில் ஸ்வரமாக எழுதி, யார், எங்கே, எந்த மனநிலையில் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்வார். மனிதர்கள் மட்டுமில்லை, கோழி, நாய், காட்டுப் பறவைகள், காற்று, ஓடும் தண்ணீர் எதையும் விடவில்லை. பிற்காலத்தில் நொடியைத் துல்லியமாக அளக்கும் கருவிவரை போனார்.

எதற்கு இவ்வளவு பாடு? "வா" என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியிடம் சொல்லும் "வா" வேறு, தப்பு செய்த பையனைக் கூப்பிடும் "வா" வேறு, ரொம்ப நாள் பேசாமலிருந்துவிட்டு வாசலில் வந்து நிற்கும் தங்கையிடம் சொல்லும் "வா" வேறு. எழுத்து ஒன்று, சுருதியின் ஏற்ற இறக்கமும் நீளமும்தான் உள்ளே இருப்பதைச் சொல்கிறது. ஓபராவில் பாத்திரம் பாடவேண்டியது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான், அழகான ஒரு மெட்டில் சொற்களைத் திணிக்கக்கூடாது என்பது இவர் கட்சி.

இங்கே பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள். நோட்டில் எழுதியதை அப்படியே ஓபராவில் ஒட்டிவிட்டார் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது அவருக்குப் பயிற்சி, ஓவியர் தெருவில் உட்கார்ந்து முகங்களை வரைந்து பழகுவதுபோல. பல வருடம் அப்படி வரைந்த கை, கற்பனைப் பாத்திரத்தின் வாயிலும் உண்மையான பேச்சை வைக்கும்.

மகளின் கடைசி மூச்சைக்கூட ஸ்வரமாக எழுதினார் என்பது உண்மையா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

உண்மை. எனக்கும் முதலில் ஒரு மாதிரித்தான் இருந்தது.

இவருக்கு இரண்டு பிள்ளைகள். மகன் விளாதிமீர் 1890இல், இரண்டு வயதில் இறந்துபோனான். மகள் ஓல்கா 1902இல் ரஷ்ய மொழியை நன்றாகக் கற்றுக்கொள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனாள், அங்கே டைபாய்டு வந்தது. வீட்டுக்குத் திரும்பியும் தேறவில்லை. அந்தச் சமயத்தில்தான் யானாச்செக் 'யெனூஃபா' ஓபராவை முடித்துக்கொண்டிருந்தார். மேடையில் பார்க்கும்வரை இருக்கமாட்டேன் என்று ஓல்காவுக்குத் தெரிந்திருந்தது, வாசித்துக் காட்டச் சொன்னாள், படுக்கையில் கிடந்த மகளுக்கு முழு ஓபராவையும் பியானோவில் வாசித்துக் காட்டினார். 1903 பிப்ரவரி 26 அன்று அவள் இறந்தாள், வயது 20. அவளுடைய கடைசிச் சொற்களும் பெருமூச்சும் அந்த நோட்டில் இருக்கின்றன.

கல்நெஞ்சம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறோம், குரல் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறோம். பதிவுக் கருவி வீட்டில் இல்லாத காலத்தில், காதில் விழுந்ததைக் காகிதத்தில் எழுதத் தெரிந்த ஒரு அப்பா வேறு என்ன செய்வார்? 'யெனூஃபா'வை ஓல்காவின் நினைவுக்கே அர்ப்பணித்தார்.

'யெனூஃபா' கதை என்ன?

கப்ரியேலா ப்ரெய்ஸொவா எழுதிய ஒரு நாடகம், மொராவிய கிராமத்தில் நடப்பது. கல்யாணமாகாமல் கர்ப்பமாகும் யெனூஃபா, ஏமாற்றிவிட்டு விலகும் ஸ்தேவா, அவளை ஒருதலையாக விரும்பி ஆத்திரத்தில் அவள் கன்னத்தைக் கத்தியால் கிழித்துவிடும் லாட்சா. வளர்ப்புத்தாயான கொஸ்தெல்னிச்கா ஊரில் மானம் போய்விடும் என்று பயந்து, பிறந்த குழந்தையை எடுத்துக்கொண்டுபோய்ப் பனி மூடிய ஆற்றில் விட்டுவிடுகிறாள். கல்யாணத்தன்று பனி உருகிக் குழந்தையின் உடல் கிடைக்கிறது. கேட்டால் பழைய கண்ணீர்ப்படக் கதை மாதிரித்தான் இருக்கும், ஆனால் வில்லி என்று யாரும் இல்லாமல், கொன்றவளையும் யெனூஃபா மன்னிக்கும் இடத்தை இசை எப்படித் தாங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் டொக்டொக் என்று தனியாக ஒலிக்கும் சைலஃபோன், மாவு ஆலையின் சக்கரம்.

அவ்வளவு நல்ல ஓபராவை பிராக் ஏன் 12 வருடம் ஒதுக்கி வைத்தது?

பழைய பகை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பிராக் தேசியத் தியேட்டரின் ஓபரா தலைவர் காரெல் கொவர்ஷோவிட்ஸ். அவரும் இசையமைப்பாளர், அவருடைய ஒரு ஓபராவை 1887இல் யானாச்செக் பத்திரிகையில் கிழிகிழியென்று கிழித்திருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆள் இல்லை இவர். 'யெனூஃபா' 1904 ஜனவரி 21 அன்று பிர்னோவில் ஒரு சின்ன தியேட்டரில், பற்றாக்குறையான வாத்தியக் குழுவோடு அரங்கேறி உள்ளூரில் நல்ல பெயர் வாங்கியது. பிராக் அசையவில்லை.

நண்பர்கள் விடாமல் முயன்று 1916 மே 26 அன்று ஒருவழியாக பிராக் மேடை கிடைத்தது. நிபந்தனை, வாத்திய அமைப்பை (எந்த இடத்தை எந்த வாத்தியம் வாசிக்கும் என்பதை) கொவர்ஷோவிட்ஸ் தன் விருப்பப்படி திருத்துவார். யானாச்செக் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். பெரிய வெற்றி. மக்ஸ் பிரோட் (காஃப்காவின் நண்பர், அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் காப்பாற்றியவர், அவரேதான்) அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார், 1918இல் வியன்னா, 1924இல் நியூயார்க். திருத்திய வடிவம்தான் பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஒலித்தது. 1980களில் இசைக்குழு நடத்துநர் சார்லஸ் மேக்கரஸ் யானாச்செக்கின் சொந்த வாத்திய அமைப்பைப் பதிவு செய்த பிறகுதான் அசல் எப்படி இருந்தது என்று நமக்கெல்லாம் தெரிந்தது. அசல் இன்னும் காய்ந்தது, இன்னும் கூர்மையானது.

ஒரு பியானோ சொனாட்டாவை ஆற்றில் எறிந்தாராமே?

1905 அக்டோபர் 1 அன்று, பிர்னோவில் செக் மொழிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் ஃப்ரான்டிஷெக் பவ்லீக் என்ற இளம் தொழிலாளி துப்பாக்கிக் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தத் தேதியையே தலைப்பாக வைத்து யானாச்செக் மூன்று பகுதி கொண்ட சொனாட்டா எழுதினார். 1906 ஜனவரியில் முதல் நிகழ்ச்சி, அதற்கு ஒத்திகை பார்க்கும்போதே மூன்றாம் பகுதி பிடிக்காமல் பிடுங்கி எரித்துவிட்டார். பிறகு மிச்ச இரண்டையும் பிராகில் வ்ல்தவா ஆற்றில் போட்டார். காகிதங்கள் மூழ்க மறுத்து வெள்ளை அன்னங்கள்போல மிதந்து போயின என்று பின்னாளில் எழுதினார்.

நல்லவேளை, வாசித்த லுட்மிலா துச்கொவா கமுக்கமாக ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். 1924இல் யானாச்செக்கின் 70ஆவது பிறந்தநாள் சமயத்தில்தான் அதை வெளியே எடுத்தார். இரண்டு பகுதியோடு நிற்கும் அந்த சொனாட்டா சுமார் 12 நிமிடம்தான், ஆனால் மனம் சரியில்லாத நாளில் கேட்காதீர்கள்.

கமிலா யார்? மனைவியா?

இல்லை. மனைவி ஸ்டென்கா. கல்யாணமானபோது அவளுக்கு 16 முடியவில்லை, இவருக்கு 27, இவரிடம் பியானோ கற்றுக்கொண்ட மாணவி. ஆரம்பத்திலிருந்தே சுமுகமான குடும்பம் இல்லை. பிள்ளைகள் போன பிறகு இன்னும் மோசம். 1916இல் 'யெனூஃபா'வில் பாடிய ஒரு பாடகியோடு இவருக்குத் தொடர்பு ஏற்பட, ஸ்டென்கா தற்கொலைக்கு முயன்றார். பிறகு நீதிமன்றம் போகாமல் பிரிந்து, ஒரே வீட்டில் தனித்தனியாக வாழ்ந்தார்கள். இசைக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டென்காவின் நினைவுக்குறிப்புகள் கிடைக்கின்றன, இவரைக் கொண்டாடுகிறவர்கள் அதையும் படிக்கவேண்டும்.

கமிலா ஸ்டோஸ்லொவாவை 1917 கோடையில் லுஹாச்சொவிட்ஸெ என்ற நீரூற்றுச் சிகிச்சை ஊரில் சந்தித்தார். அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள், கணவர் பழம்பொருள் வியாபாரி. இவருக்கு 63, அவளுக்கு 25. அடுத்த 11 வருடத்தில் 700க்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். அவளுக்கு இசையில் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை, பதில் கடிதங்கள் சுருக்கமாகவும் எப்போதாவதும்தான் வரும். இவர் காதலித்தது அந்தப் பெண்ணையா, தன் கற்பனையில் வளர்த்த ஒருத்தியையா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 'கட்யா கபனொவா' ஓபரா, 'காணாமல் போனவனின் நாட்குறிப்பு' என்ற பாடல் வரிசை, இரண்டாவது குவார்ட்டெட் எல்லாவற்றுக்குப் பின்னாலும் அவள்தான். அந்தக் குவார்ட்டெட்டை 1928 தொடக்கத்தில் மூன்றே வாரத்தில் எழுதினார். முதலில் 'காதல் கடிதங்கள்' என்று பெயர் வைத்து, ஊர் வாய்க்குப் பயந்து 'அந்தரங்கக் கடிதங்கள்' என்று மாற்றினார். மாற்றியதால் வாய் மூடியதா என்ன!

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, தாகூர். 1921இல் ரவீந்திரநாத் தாகூர் பிராகில் உரையாற்றியபோது யானாச்செக் கூட்டத்தில் இருந்தார். வழக்கம்போல அவர் பேச்சின் மெட்டை ஸ்வரமாகக் குறித்துக்கொண்டு, 'லிடொவே நொவினி' என்ற நாளிதழில் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். அடுத்த வருடம் தாகூரின் ஒரு கவிதையை ஆண்கள் கோரஸுக்காக இசையமைத்தார். தொட்டதைப் பொன்னாக்கும் கல்லைத் தேடி அலையும் பைத்தியக்காரன், ஒவ்வொரு கல்லாக இடுப்பில் கட்டிய இரும்புச் சங்கிலியில் உரசிப் பார்த்துப் பார்க்காமலே தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறான். ஒரு நாள் ஒரு சிறுவன் கேட்கிறான், இந்தத் தங்கச் சங்கிலி உனக்கு ஏது என்று. ஆண் குரல்களுக்கு நடுவே அந்தச் சிறுவனின் கேள்வி மட்டும் ஒரு பெண் குரலில் வரும்.

நரியைப் பற்றி ஒரு ஓபராவா? குழந்தைகளுக்கா?

அதே நாளிதழில் 1920இல் ஒரு நரிக்குட்டியைப் பற்றிப் படங்களோடு தொடர் வந்தது, படம் லொலெக், எழுத்து டெஸ்னொஹ்லீடெக். வீட்டு வேலைக்காரப் பெண் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கவனித்துத்தான் இவர் அந்தக் கதைக்குள் போனார் என்று சொல்வார்கள். 'தந்திரக்கார நரிக்குட்டி' 1924இல் பிர்னோவில் அரங்கேறியது. தொடர்கதையில் நரிக்குக் கல்யாணம் ஆவதோடு சுபம். இவரோ நரியை வேட்டைக்காரன் துப்பாக்கிக்கு இரையாக்கினார், அதற்குப் பிறகும் ஓபராவைத் தொடர்ந்தார். கடைசியில் வயதான வனக்காவலர் காட்டில் உட்கார்ந்திருக்கிறார், முதல் காட்சியில் பார்த்த தவளையைப் பிடிக்கிறார். தவளை திக்கித் திக்கிச் சொல்கிறது, அது நான் இல்லை, அது என் தாத்தா. குழந்தைகளுக்குச் சிரிப்பு வரும். பெரியவர்களுக்கு வேறு ஏதோ வரும்.

சின்ஃபோனியெட்டாவில் 12 டிரம்பெட்டாமே?

ஆமாம், போதாததற்கு பாஸ் டிரம்பெட்டும் டெனர் டியூபாவும் இரண்டிரண்டு. பீசெக் ஊர்ப் பூங்காவில் கமிலாவோடு உட்கார்ந்து ராணுவ பேண்டு கேட்டதிலிருந்து பிடித்த யோசனை. 1926இல் பிராகில் நடந்த ஸொகொல் உடற்பயிற்சித் திருவிழாவுக்காக எழுதினார். ஐந்து பகுதியில் ஆரம்ப முழக்கம் போக மற்ற நான்கும் பிர்னோவின் இடங்கள், கோட்டை, தான் பையனாகப் பாடிய மடம், தெரு, நகர மன்றம். 1918இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்ததும் தன் ஊர் எப்படி மாறித் தெரிந்தது என்பதுதான் விஷயம். நேரில் கேட்கக் கிடைத்தால் விடாதீர்கள், செல்போன் ஸ்பீக்கரில் இது ஒரு கொடுமை.

கிளாகொலிதிக் மாஸ் எழுதியவர் பக்திமானா?

பழைய ஸ்லாவிய மொழியில் எழுதிய பூசை இசை, 1927இல் அரங்கேறியது. ஒரு விமர்சகர் 'முதியவர், இப்போது உறுதியான நம்பிக்கையாளர்' என்ற மாதிரி எழுதிவிட்டார். முதியவரும் இல்லை, நம்பிக்கையாளரும் இல்லை என்று பதில் பறந்தது.

முதல்முறை கேட்டால் கரடுமுரடாக இருக்கிறதே, நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேனா?

இல்லை, இவருடைய இசைத்தாள்களை நகலெடுத்தவர்களே திணறினார்கள். சின்னச் சின்னத் துணுக்காக மெட்டு வரும், நாலைந்து ஸ்வரம், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, திடீரென்று வெட்டிவிட்டு வேறொன்று. இடையில் பாலம் போடமாட்டார். வயலின்கள் உச்சியில் கீச்சிடும், டிராம்போன்கள் அடியில் உறுமும், நடுவில் ஆளே இருக்காது. கடைசிக் காலத்தில் கோடு போட்ட இசைத்தாளையே ஒதுக்கிவிட்டு, வெள்ளைத்தாளில் தேவையான கோட்டை மட்டும் கையால் இழுத்துக்கொண்டார். காலிக் கோடு இருந்தால் நிரப்பச் சொல்லும் என்பதால்தான் அப்படி. பேச்சும் அப்படித்தானே, கோபத்தில் யார் முழு வாக்கியம் பேசுகிறார்கள்?

எப்படி இறந்தார்?

1928 ஆகஸ்டு. கமிலாவும் அவள் மகனும் ஹுக்வால்டிக்கு வந்திருந்தார்கள். காட்டில் காணாமல் போன பையனைத் தேடி அலைந்ததில் சளி பிடித்தது என்று ஒரு கதை உண்டு, அதை எல்லோரும் ஏற்பதில்லை. சளி நிமோனியாவானது, ஆகஸ்டு 12 அன்று ஆஸ்த்ராவா மருத்துவமனையில் இறந்தார், வயது 74. தஸ்தயேவ்ஸ்கியின் சிறை அனுபவத்தை வைத்து எழுதிய 'மரண வீட்டிலிருந்து' ஓபராவின் மூன்றாம் அங்கத்தைக் கடைசி நாட்களிலும் பார்த்துக்கொண்டிருந்தார். பிர்னோவில் நடந்த இறுதிச் சடங்கில் நரி ஓபராவின் கடைசிக் காட்சியை வாசித்தார்கள், அந்தத் தவளை வரும் காட்சிதான்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

பியானோ பிடிக்கும் என்றால் 'புல் மூடிய பாதையில்', சின்னச் சின்னத் துண்டுகள், பயமுறுத்தாது. அதிரடி வேண்டும் என்றால் சின்ஃபோனியெட்டா, 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டாவது குவார்ட்டெட். ஓபராவை ஒலியாக மட்டும் கேட்டுத் தொடங்காதீர்கள், வீடியோ பாருங்கள்.

செக் மொழி தெரியாதே?

எனக்கும் தெரியாது. தாகூர் மேடையில் பேசிய மொழி யானாச்செக்குக்கும் தெரியாது, ஆனாலும் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டுதான் இருந்தார். 'யெனூஃபா'வின் இரண்டாம் அங்கத்தை மட்டும், வசனம் கீழே ஓடுகிற வீடியோவாகத் தேடிப் பிடியுங்கள், கொஸ்தெல்னிச்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக முடிவெடுக்கும் இடம் வந்ததும் கீழே ஓடும் எழுத்தைப் படிக்க மறந்துவிடுவீர்கள்.